நீர்மாலை

நெடுங்காவயலில் மண்வெட்டியைப் போட்டால் ஒரு முழம்தான் இறங்கும். அதற்குக் கீழே செம்பூரான் பாறை. ணங்கென்று கையை உதறிவிடும். மேற்கே தைலமரக் காடு, சருகு நொறுங்கும் சத்தத்தைத் தவிர ஒரு குருவிச் சத்தம் கேட்காது. கிழக்கே கண்மாய். பேர்தான் கண்மாய், உள்ளே கரைக்குக் கரை சீமைக்கருவேல். தெற்கே அய்யனார் காடு. அங்கே ஒரு சுள்ளி ஒடிக்க ஊரில் எவனுக்கும் துணிச்சல் கிடையாது என்பதால் வீரை மரமும் பாலை மரமும் வெயில் தரையில் விழாதபடிக்குத் தழைத்துக் கிடக்கும். வடக்கே செட்டியார் வீடுகள். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு, பூட்டின பூட்டு துருவேறி நிற்கும். கல்யாணம், குலதெய்வப் படைப்பு என்றால் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் காரில் வந்து திறப்பார்கள். இரண்டு நாளில் மறுபடி பூட்டிவிடுவார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் நடுவில் ஊருணி. பர்மாவுக்குப் போய்ச் சம்பாதித்த செட்டியார் ஒருவர் வெட்டியது. நான்கு பக்கமும் செம்பூரான் கல்லில் படிக்கட்டு. மழை பெய்தால் பொட்டலில் விழுகிற தண்ணீரெல்லாம் வரத்துக்கால் வழியாக வந்து சேர்ந்துவிடும். ஆழ்குழாய்த் தண்ணீரை நாக்கில் வைக்க முடியாது, அத்தனை உப்பு. அதில் பருப்பு வேகாது. தெருமுனையில் நட்ட குடிநீர்த் திட்டக் குழாய்க்குள் பல்லி குடியிருந்தது. குடிக்கவும் கஞ்சி காய்ச்சவும் ஊருணியை விட்டால் வேறு கதி இல்லை. அதனால் கரையேறும்போதே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். கால் நனைக்கக் கூடாது, துணி அலசக் கூடாது, ஆடு மாடு அண்டக் கூடாது. பிணம் விழுந்தால் தண்ணீர் முழுக்க இறைத்துக் கொட்டிவிட்டு அடுத்த மழைக்குக் காத்திருக்க வேண்டும்.

அப்படி ஒரு தடவை நடந்தது. கீழத்தெரு அகல்யா விழுந்து செத்தாள். மாசி மாதம். மோட்டார் வைத்து இறைத்துக் கொட்டினார்கள். அந்தக் கோடை முழுக்க ஊரே குடத்தோடு பக்கத்து ஊர் எல்லையில் போய்க் கெஞ்சி நின்றது. அகல்யா வீட்டாரோடு யாரும் பேசவில்லை. அவள் தகப்பன் கடையில் தீப்பெட்டி கேட்டால்கூடக் கடைக்காரன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ஆடி பிறப்பதற்குள் அந்தக் குடும்பம் திருப்பூருக்கு வண்டி ஏறிவிட்டது.

பொன்னுத்தாயியும் அவள் புருசன் சின்னக்கருப்பும் கண்மாய்க்குள் கரிமூட்டம் போடுகிறவர்கள். கருவேலை வெட்டி, முள்ளைச் சீவி, கட்டையைக் கூம்பாக அடுக்கி, மேலே வைக்கோல் பரப்பி, சேறு பூசி, உச்சியில் நெருப்பு வைப்பார்கள். உள்ளே கட்டை எரியக் கூடாது, புழுங்க வேண்டும். புகை வெள்ளையாக வரும்வரை கட்டை இன்னும் பச்சை. நீலம் கட்டினால் கரியாகிவிட்டது. நடுவில் சேறு வெடித்துக் காற்று புகுந்துவிட்டால் அத்தனையும் சாம்பல். அதனால் மூட்டத்துப் பக்கத்தில் எந்நேரமும் ஆள் வேண்டும். கைப்பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும்.

சித்திரை பிறந்து வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. முந்தின நாளே சின்னக்கருப்பு நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தான்.

"என்னய்யா பண்ணுது?"

"உள்ளுக்குள்ள எறும்பு ஊருற மாதிரி இருக்குடி."

"காரக்குடி பெரியாசுபத்திரிக்குப் போயிட்டு வந்துருவமா?"

"மூட்டம் நீலம் கட்டட்டும். போவம்."

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போது குடிதண்ணீருக்குப் பிளாஸ்டிக் கேனை எடுத்துக்கொண்டு ஊருணிக்குப் போனான். வெயில் ஏறியது, ஆளைக் காணோம். மூட்டத்தில் வடபுறம் ஒரு வெடிப்பு விட்டுப் புகை குபுகுபுவென்று வந்தது. பொன்னுத்தாயி சேற்றை அள்ளி அப்பினாள். "தண்ணிக்குப் போனவன் பொண்ணு பாத்துக்கிட்டா இருக்கான்" என்று திட்டிக்கொண்டே அப்பினாள். வெடிப்பு அடைந்த பிறகுதான் கிளம்பினாள்.

தென்கரைப் படியில் கிடந்தான். ஊர்ப் பெண்கள் இருட்டோடு மொண்டுகொண்டு போய்விட்டதால் கரையில் வேறு ஆள் இல்லை. கால் இரண்டும் மேல்படியில். இடுப்புக்கு மேலே தண்ணீருக்குள். கேன் பாதி நிறைந்து பக்கத்தில் மிதந்தது. காதோரம் கெண்டைக் குஞ்சுகள் கொத்திக்கொண்டிருந்தன. பொன்னுத்தாயிக்குக் கத்தத் தோன்றவில்லை. முதலில் குஞ்சுகளை விரட்டினாள். தோளைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். கல்லாகக் கனத்தான். மடியிலிருந்த போனை எடுத்துக் கொழுந்தன் இராமுவைக் கூப்பிட்டாள்.

இராமு டிவிஎஸ்ஸில் வந்தான். கரையிலேயே வண்டியைப் போட்டுவிட்டு இறங்கி ஓடிவந்து அண்ணன் மூக்கில் கை வைத்துப் பார்த்தான். பிறகு நாலு பக்கமும் பார்த்தான்.

"மதினி, சத்தம் போடாதீக."

"தம்பி, உங்கண்ணன்…"

"போயிட்டாக. போயி ரொம்ப நேரமாச்சு. சத்தம் போடாதீக. காலப் புடிங்க."

"எங்குட்டுத் தூக்கச் சொல்ற?"

"மூட்டத்துக்கு. வேலை பாக்குறப்பவே நெஞ்சடச்சுப் போச்சுன்னு சொல்லுவம். அகல்யா வீட்ட நெனச்சுப் பாருங்க. ஐப்பசி வரைக்கும் மழை கெடையாது. உங்க மக சந்திரலேகா வயித்துப் புள்ளையோட வந்து கெடக்கா. ஊரே நம்ம வாசல்ல வந்து காறித் துப்பணுமா?"

பொன்னுத்தாயி காலைப் பிடித்தாள். டிவிஎஸ்ஸில் நடுவில் அவனை உட்காரவைத்து, பின்னால் அவள் ஏறி இறுகக் கட்டிக்கொண்டாள். கண்மாய்க்கரை மேடுபள்ளத்தில் வண்டி குதித்தபோதெல்லாம் அவன் தலை அவள் தோளில் மோதியது. ஈரம் அவள் ரவிக்கைக்குள் இறங்கியது.

மூட்டத்துப் பக்கத்துக் கொட்டகையில் கிடத்தியபோதுதான் பார்த்தாள். இடுப்பில் கோடு போட்டதுபோல் இருந்தது. கோட்டுக்குக் கீழே எப்போதும்போலக் கரி. மேலே கழுவி விட்ட உடம்பு, முகம் பளிச்சென்று. கரி சுடுகிறவன் இப்படி வெளுத்துச் செத்துக் கிடந்தான் என்றால் சின்னப்பிள்ளைகூட நம்பாது. இராமுவும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

வேட்டியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வேறு கைலி கட்டிவிட்டாள். தலையை முந்தானையால் துவட்டினாள். பழைய குவியலில் இருந்து கரித்தூளை இரண்டு கையிலும் அள்ளி நெஞ்சில் பூசினாள், கழுத்தில் பூசினாள், காது மடலுக்குப் பின்னாலும் தேய்த்தாள். கட்டி வந்த நாளிலிருந்து மூஞ்சியில் இருக்கிற கரியைக் கழுவச் சொல்லித் திட்டியிருக்கிறாள். பூசிவிட்டது அன்றைக்குத்தான். கண் இமை மேல் பூசும்போது கை நின்றுவிட்டது.

"அங்கயும் பூசுங்க மதினி" என்றான் இராமு.

பூசிவிட்டு, கொட்டகைக்கு வெளியே வந்து, கண்மாய் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

ஊர் கூடிப் பிணத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. மாசமாக இருக்கிற பெண் பிணத்தைப் பார்க்கக் கூடாது என்று சந்திரலேகாவைப் பக்கத்து வீட்டுக் கருப்பி தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அப்பா முகத்தை ஒருதடவை பார்க்கிறேன் என்று அவள் கதறியது தெருமுனை வரை கேட்டது.

ஊருக்குத் தீர்ப்புச் சொல்கிற அம்பலம் சேவுகப்பெருமாள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசல் பந்தலடியில் உட்கார்ந்தார்.

"வேலை பாத்த எடத்துலயே நின்னவாக்குல போயிட்டான். பாயில கெடந்து யாரையும் பாடாப்படுத்தல. குடுத்து வச்ச சாவு."

"ஆமா, மூட்டத்துக்குள்ளயே விழுந்திருந்தா வெறகுச் செலவும் மிச்சம்" என்றார் ஒரு கிழவர். நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சின்னக்கருப்பு உயிரோடு இருந்தால் அவனும் சிரித்திருப்பான்.

பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க வேண்டும். ஆண்பிள்ளை இல்லாததால் இராமு முன்னால் போனான். சங்கு ஊதி, தப்பு முழங்க, பங்காளிகள் குடத்தோடு ஊருணிக்குப் போனார்கள். திரும்பி வரும்போது நாலு பேர் நாலு முனையில் வெள்ளை வேட்டியைப் பிடித்து வர, அதன் நிழலில் இராமு தோளில் குடத்தோடு வந்தான். அவன் யாரையும் பார்க்கவில்லை. குடத்தை இறக்கி வைத்தபோது தண்ணீர் தளும்பியது.

"மெதுவா வைய்யி அப்பு, ஒத்தை அண்ணனப் பறிகுடுத்துட்ட" என்று யாரோ சொன்னார்கள்.

பிணத்தை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, பெண்கள் ஒவ்வொருத்தராகச் செம்பில் மொண்டு ஊற்றினார்கள். கரி கரைந்து கறுப்பாக ஓடி, நாற்காலிக்குக் கீழே குட்டையாகத் தேங்கியது. அவன் முகம் இரண்டாவது தடவையாக வெளுத்து வந்தது.

"பாருங்கடி, நம்ம ஊருணித் தண்ணி பட்டதும் மாப்பிள்ளை மாதிரியில்ல இருக்காரு எங்கண்ணன்!" என்று கருப்பி மாரில் அடித்துக்கொண்டாள்.

பொன்னுத்தாயி எழுந்துபோய் வேலியோரம் வாந்தி எடுத்தாள். பாவம், காலையிலிருந்து பச்சைத் தண்ணி பல்லில் படவில்லை என்றார்கள். சொன்ன கையோடு ஒருத்தி செம்புத் தண்ணீரை நீட்டினாள். பொன்னுத்தாயி வாங்கி வாயைக் கொப்புளித்துத் துப்பினாள். விழுங்கவில்லை.

பிணத்தை எடுத்துப் போனபிறகு சந்திரலேகா வீட்டுக்கு வந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"சாப்பிட்டியாத்தா?"

"ஒண்ணும் எறங்கல. கருப்பி அத்தை செம்பு செம்பா தண்ணி குடுத்துச்சு. அது இல்லேன்னா மயங்கியிருப்பேன்."

பொன்னுத்தாயி மகள் வயிற்றைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

கவனிப்பார் இல்லாமல் மூட்டம் அன்றைக்கே நாலு பக்கமும் வெடித்துச் சாம்பலாகிவிட்டது. மறுநாளிலிருந்து குட்டியானை வண்டியில் வருகிற கேன் தண்ணீரை மகளுக்கென்று வாங்கினாள். தான் மட்டும் ஆழ்குழாய் உப்புத் தண்ணீரைக் குடித்தாள். "ஊருணிப் பக்கம் போகாம இருக்காதீக மதினி, ஊருக்குச் சந்தேகம் வந்துரும்" என்று இராமு சொல்லியிருந்தான். அதனால் காலையில் எல்லோரோடும் போய்க் குடத்தை நிறைத்துக்கொண்டு வந்து, கொல்லையில் முருங்கைக்கு ஊற்றினாள்.

கருப்பி கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"என்னத்தா பொன்னு, கேன் தண்ணி வாங்குற வீடா ஆயிப்போச்சு உன் வீடு? செட்டியார் வீட்டு ஆச்சிகளே ஊருக்கு வந்தா ஊருணித் தண்ணி கொண்டாங்கிறாக."

"நர்சம்மா சொன்னாக. மாசமா இருக்கிற புள்ளைக்குச் சுத்தமா இருக்கணுமாம்."

"சரி, அவளுக்குச் சுத்தம். நீ எதுக்கு உப்புத் தண்ணியக் குடிக்கிற? உனக்குமா மாசம்?"

"வாய் கசக்குது. எதக் குடிச்சாலும் ஒண்ணுதான்."

"அப்ப முருங்கைக்கு என்ன கசக்குதா? நல்ல தண்ணியா ஊத்துற?"

பொன்னுத்தாயி குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். உப்புத் தண்ணீர் குடித்துக் குடித்து உதடு வெடித்திருந்தது. ஊர்க்காரர்கள் செம்பைத் தூக்கி அண்ணாந்து ஊற்றிக்கொள்ளும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கருப்பி வீட்டில் மூன்று மாதத்துக் குழந்தை இருந்தது. அதற்கு ஊட்டுகிற சங்கில் என்ன ஊற்றுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

கருமாதி முடிந்த வாரம், காரைக்குடியிலிருந்து சத்தியப்பிரியா என்று ஒரு பெண் வந்தது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஊராட்சியிலும் என்ன மண், என்ன மரம், எத்தனை கண்மாய், எந்தக் காலத்துக் கட்டடம் என்று எழுதிப் புத்தகம் போடுகிறார்களாம். சேவுகப்பெருமாள் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டினார். செட்டியார் வீட்டு வாசல்நிலையில் செதுக்கியிருந்த யானையையும் அன்னத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டு, வெயிலில் கன்னம் சிவந்து, ஊருணிக் கரைக்கு வந்து சேர்ந்தது அந்தப் பெண். சொல்லாமலே செருப்பைக் கழற்றியது. பெண்கள் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்கள். பொன்னுத்தாயியும் நின்றாள்.

"எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க! ஒரு பிளாஸ்டிக் கவர்கூட இல்ல."

"தாய்ப்பாலுத்தா இது" என்றார் சேவுகப்பெருமாள். "எங்க ஊருக்கு எழுதுறதுக்கு வேற என்ன இருக்கு? இதத்தான் மொதல்ல எழுதணும். ஏய் கருப்பி, புள்ளைக்கு ஒரு டம்ளர் மோந்து குடு. குடிச்சுப் பாத்துட்டு எழுதட்டும்."

கருப்பி டம்ளரைக் கழுவி மொண்டு நீட்டினாள். அந்தப் பெண் இரண்டு கையாலும் வாங்கியது. சந்திரலேகா வயசுதான் இருக்கும்.

"குடிக்காதத்தா" என்றாள் பொன்னுத்தாயி.

"ஏன், நான் என்ன வெசமா குடுக்குறேன்?" என்றாள் கருப்பி.

"எம் புருசன் மூட்டத்துல சாகல. இந்தா, இந்தப் படியில செத்தான். தலை தண்ணிக்குள்ள கெடந்துச்சு. நாந்தான் தூக்கிட்டுப் போனேன்."

ஒரு குடம் கைநழுவிப் படியில் உருண்டு போனது. அதை யாரும் பிடிக்கவில்லை.

சேவுகப்பெருமாள்தான் முதலில் அசைந்தார். "நீங்க அய்யனார் காட்டப் பாக்கலேல்ல? அங்குட்டுப் போங்கத்தா. பூசாரி இருப்பாரு, எல்லாம் சொல்லுவாரு" என்றார். சத்தியப்பிரியா டம்ளரைப் பார்த்தது, பொன்னுத்தாயியைப் பார்த்தது. டம்ளரைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் ஆம்பிளைகளும் கூடிவிட்டார்கள். இராமுவைப் போன் போட்டு வரவழைத்தார்கள்.

"இவ தனியாளா தூக்கியிருக்க முடியாது. நீ கூட இருந்தியா இராமு?" என்றார் சேவுகப்பெருமாள்.

இராமு மதினி முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கு ஒண்ணுந் தெரியாது. மூட்டத்துல செத்துக் கெடக்காகன்னு போன் வந்துச்சு. போனேன்."

"தம்பி" என்றாள் பொன்னுத்தாயி.

"எனக்குத் தெரியாது மதினி."

"வேற யாரும் கண்ணால பாத்தீகளா?"

எல்லோர் கண்ணும் தண்ணீர் மேல் இருந்தது. மூன்று ஆள் மட்டம் இருந்தது தண்ணீர். கஞ்சத்தனமாக மொண்டால் ஐப்பசி வரை தாக்குப்பிடிக்கும்.

"அப்ப முடிஞ்சுபோச்சு" என்றார் சேவுகப்பெருமாள். "குளிப்பாட்டுறப்ப கரி ஓடுனத ஊரே பாத்துச்சு. தண்ணியில கெடந்தவன் ஒடம்புல கரி ஏது? புருசன் போன ஏக்கத்துல இவளுக்குப் புத்தி பெரண்டிருச்சு. அதுக்காக வெளியூர்ப் புள்ளை முன்னால ஊருணிக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்தத ஊரு பொறுத்துக்கிராது. மழை பேஞ்சு ஊருணி நெறையிற வரைக்கும் இவ வீட்டுக் குடம் இங்க எறங்கக் கூடாது."

சொல்லிவிட்டுக் குனிந்து, படியில் இருந்த டம்ளரை எடுத்து அண்ணாந்து குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதை எல்லோரும் பார்த்தார்கள். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். அதன்பிறகு பெண்கள் ஒவ்வொருத்தராகக் குனிந்து மொண்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் பொன்னுத்தாயி அவருக்கு எதிரே போய் நின்றாள்.

"நான் சொன்னது நெசம்னு உங்களுக்குத் தெரியுது மாமா."

"இறைச்சு ஊத்திட்டா இந்தச் சனம் எங்க போயிக் குடிக்கும்? நீயே சொல்லு."

"அப்ப நெசந்தான?"

"நான் ஒண்ணும் சொல்லல" என்று அவர் கரையிறங்கினார்.

மறுநாளிலிருந்து குட்டியானைக்காரன் அவள் வாசலில் நிற்கவில்லை. ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போனான். ஊரைப் பகைத்துக்கொண்டு அவன் யாவாரம் பண்ண முடியாது. சந்திரலேகா ஒருநாள் உப்புத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தாள், குமட்டிக்கொண்டு வந்தது.

"ஏம்மா சொன்ன? இத்தன நாளு மூடித்தான வச்சிருந்த?"

"நீ குடிச்சியேத்தா."

"குடிச்சேன். செத்தா போயிட்டேன்? எங்கப்பா மேல பட்ட தண்ணிதான."

பொன்னுத்தாயி கடப்பாரையையும் தட்டுக்கூடையையும் எடுத்துக்கொண்டு வரத்துக்காலுக்குப் போனாள். ஊருக்கு மேற்கே, தைலமரக் காட்டோரம், தண்ணீர் அரித்துக்கொண்டு போன இடத்தில் மட்டும் மணல் ஒதுங்கியிருக்கும். முதல் குழியில் முழங்கை ஆழத்தில் பாறை. இரண்டாவதிலும் பாறை. உச்சிவெயிலில் மூன்றாவது குழியில் இறங்கினாள். இடுப்பு ஆழத்துக்குப் போன பிறகு மணல் நிறம் மாறியது. கையை விட்டுப் பார்த்தாள், குளிர்ந்தது. சாயங்காலம் அடியில் ஒரு உள்ளங்கை அளவு தண்ணீர் நின்றது, செம்மண் கரைசலாக. சிரட்டையால் அள்ளித் துணியில் வடிகட்டி, ஒரு செம்பு தேறியது. மகள் குடிக்கும்வரை நின்று பார்த்தாள்.

அதற்குப் பிறகு அதுதான் வேலை. பொழுது விடியப் போவாள். கால் குடம் சேர வெயில் ஏறிவிடும். தைலமரங்கள் வேரை விட்டு அதையும் உறிஞ்சின. நாளுக்கு நாள் குழி ஆழமானது.

ஒருநாள் காலை குழிக்குள் இருந்தபோது மேலே நிழல் விழுந்தது. கருப்பி. இடுப்பில் வெறுங்குடம்.

"என்னத்தா?"

கருப்பி முகம் ஒடுங்கியிருந்தது.

"குடிக்க முடியல பொன்னு. தெரியாதப்ப நல்லாத்தான் குடிச்சேன். இப்ப வாயில வச்சா கெண்டைக் குஞ்சு வழுக்கிக்கிட்டுப் போற மாதிரி இருக்கு. சின்னதுக்குச் சங்குல ஊத்தக் கை வரமாட்டேங்குது. நீ சொல்லாமயே இருந்திருக்கலாம்ல? ஊருக்கெல்லாம் தெரியுது, எல்லாரும் குடிக்கிறாக. என்னால முடியல."

"அம்பலத்துக்கிட்டச் சொல்றதுதான? இறைக்கச் சொல்லு."

"நான் சொல்லி?" என்று கருப்பி கசப்பாகச் சிரித்தாள். "அப்புறம் எனக்கும் புத்தி பெரண்டிருச்சும்பாக."

பொன்னுத்தாயி அடியில் இருந்ததைச் சிரட்டையால் வழித்து வழித்துத் தன் குடத்தில் ஊற்றினாள். கடைசிச் சிரட்டையில் பாதி மணல். குடத்தை மேலே தூக்கி வைத்துவிட்டுத் தானும் ஏறி வந்தாள். சேலை முழங்கால் வரை சேறாகியிருந்தது. சிரட்டையைக் கருப்பி பக்கம் தள்ளினாள்.

"எறங்காத, கலங்கிரும். ஊறணும். ஒக்காரு."

குழிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி உட்கார்ந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அடியில் மணல் ஈரத்தில் கறுத்துக் கிடந்தது. இன்னும் ஒன்றும் வரவில்லை.